ஈய ரவையும் நீர்ப்பறவையும்

வாத்து வேட்டைக்கு முதன்முதலாகப் போகிறவர், துப்பாக்கி கைக்கு வந்ததும் ஒரு கேள்வியில் வந்து நிற்பார். எந்தத் தோட்டா வாங்குவது? ரவை என்ன எண்ணில் இருக்க வேண்டும்? ஈயமா, எஃகா? கனடாவிலோ அமெரிக்காவிலோ வாழும் தமிழர்கள் இந்தக் கேள்வியைச் சட்டத்துக்கு உட்பட்டே கேட்கலாம். பழவேற்காட்டு ஏரிக்கரையில், காட்டுப்பள்ளியிலும் அதையடுத்த மீனவக் குப்பங்களிலும், அதைக் கேட்க இடமே இல்லை. இங்கே காட்டுப் பறவையைச் சுடுவது சிறைக்குரிய குற்றம்.

ஆனாலும் இது நமக்குச் சம்பந்தமில்லாத கேள்வி என்று ஒதுக்கிவிட முடியாது. தோட்டாவுக்குள் இருப்பது எந்த உலோகம் என்பது குறி தவறியபின் தொடங்கும் கதை. சேற்றில் விழுந்த ரவையைச் சுடப்படாத பறவைகள் பல ஆண்டுகள் கழித்தும் விழுங்குகின்றன. அந்தப் பாடத்தை வேட்டை நாடுகள் பெரும் விலை கொடுத்துக் கற்றன. அதே ஈயம் வேட்டை இல்லாத நம் கழிகளில் வேறு வடிவில் இறங்கிக்கொண்டிருக்கிறது. ஆகவே பறவை, தோட்டா, நஞ்சு, சட்டம், வலை என்ற ஐந்தையும் ஒருசேரப் பார்த்தால்தான் கேள்விக்கு முழு விடை கிடைக்கும்.

பறவையும் நீரும்

ஒடிசாவின் சிலிக்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. பெரும்பகுதி ஆந்திரத்தில் கிடக்கிறது. தென்பகுதி திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா தீவு. மழைக்காலத்தில் ஆரணியாறும் காளங்கியும் சொர்ணமுகியும் நன்னீர் கொண்டுவருகின்றன. முகத்துவாரம் வழியாகக் கடல்நீர் ஏறி இறங்குகிறது. தெற்கே பக்கிங்காம் கால்வாயும் கொசஸ்தலையாற்றுக் கழிகளும் ஏரியை எண்ணூரோடு சேர்க்கின்றன. அந்தக் கழிகளுக்கும் வங்கக்கடலுக்கும் இடைப்பட்ட மணல்திட்டில் இருக்கிறது காட்டுப்பள்ளி. துறைமுகமும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையும் வந்துவிட்ட பிறகும், ஒரு பக்கம் கடல், மறு பக்கம் ஆறு என்று இரண்டையும் நம்பித் தொழில் செய்யும் மீனவர்கள் அங்கே வாழ்கிறார்கள்.

ஏரியின் பெரும்பகுதியில் ஆள் இறங்கி நடந்துவிடலாம். அவ்வளவு ஆழமில்லாத நீர் என்பதால்தான் பறவைகள் இதைத் தேடி வருகின்றன. பூநாரை தலையைக் கவிழ்த்து அலகைச் சேற்றில் அலசுகிறது. ஊசிவால் வாத்து வாலை மேலே தூக்கி, கழுத்தை நீருக்குள் நீட்டி, அடிச்சேற்றில் விதை பொறுக்குகிறது. தட்டைவாயன் அகன்ற அலகால் நீரை வடிகட்டுகிறது. குளிர்காலத்தில் வரும் பட்டைத்தலை வாத்து பகலில் திறந்த நீரிலும் திட்டுகளிலும் தங்கி, புல்வெளிகளிலும் அறுவடை முடிந்த வயல்களிலும் மேய்கிறது. வெள்ளைத் தலையின் பின்புறம் இரண்டு கரும்பட்டைகள் கொண்ட இந்தப் பறவைதான் தமிழகத்துக்கு வலசை வரும் பெருவாத்துகளில் நாம் நன்றாக அறிந்தது. திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்தில் இதைப் பார்க்கவே ஆட்கள் போகிறார்கள். திபெத், மங்கோலியா, லடாக் போன்ற உயர்ந்த நிலங்களில் குஞ்சு பொரித்து, இமயமலையைத் தாண்டித் தெற்கே வருகிறது. செயற்கைக்கோள் கருவி பொருத்தி ஆராய்ந்தபோது ஒரு பறவை 7,290 மீட்டர் உயரத்தில் பறந்தது பதிவாகியிருக்கிறது.

இந்தப் பறவைகளுக்குப் பல் கிடையாது. இரையை அரைப்பது தசை தடித்த அரைவைப்பை. அதற்காகவே சிறு கற்களையும் பெருமணலையும் விழுங்கி அங்கே தேக்கி வைத்துக்கொள்கின்றன. நான்கு மில்லிமீட்டர் ஈய ரவைக்கும் அதே அளவுக் கூழாங்கல்லுக்கும், விதைக்கும், வாத்துக்கு வேறுபாடு தெரியாது. ஈயம் பற்றிய வழக்கு முழுவதும் இந்த ஒரு செய்தியில் அடங்கியிருக்கிறது.

தோட்டாவுக்குள் என்ன இருக்கிறது

பறக்கும் பறவையை ஒற்றைக் குண்டால் அடிப்பது ஏறத்தாழ நடக்காத காரியம். அதனால் வேட்டைக்காரர்கள் ஒரே வெடியில் நூற்றுக்கணக்கான சிறு குண்டுகளைத் தெறிக்கவிடும் துப்பாக்கியைப் பயன்படுத்துகிறார்கள். அந்தச் சிறு குண்டுகளே ரவை. நம் ஊரில் நாட்டுத் துப்பாக்கிக்குப் போடும் குண்டுகளைப் பால்ரஸ் என்பார்கள். ஆலைத் தோட்டாவில் அடியில் பித்தளை மூடி, அதன் நடுவே நெருப்புப் பொட்டு, மேலே வெடிமருந்து, அதற்கு மேல் பிளாஸ்டிக் அடைப்பு, அதன் கிண்ணத்துக்குள் ரவை என்று அடுக்கியிருக்கும். துப்பாக்கிக் குழலின் அகலத்தைக் குறிக்கும் பழைய கணக்கும் ஈயத்தை வைத்துத்தான் பிறந்தது. ஒரு பவுண்டு ஈயத்தைச் சமமான 12 உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டை நுழையும் குழல் 12 போர். ஏறத்தாழ பதினெட்டரை மில்லிமீட்டர்.

ரவையின் எண் கூடினால் அளவு குறையும். அமெரிக்கக் கணக்கில் 4ஆம் எண் ரவை 3.3 மில்லிமீட்டர், 2ஆம் எண் 3.8 மில்லிமீட்டர், பிபி 4.6 மில்லிமீட்டர். ஓர் அவுன்ஸ், அதாவது 28 கிராம் ஈயத்தில் 4ஆம் எண் ரவை ஏறக்குறைய 135 இருக்கும். பறவை விழுந்தாலும் அதன் உடலில் தைப்பவை சிலவே. மற்றவை எல்லாம் நீரில் விழும். தவறிய வெடி என்றால் 135ம் விழும். வேட்டைக்காரர் நல்ல குறிகாரரா இல்லையா என்பது இதைப் பெரிதாக மாற்றாது.

பழவேற்காட்டுக்கு வெடிமருந்து புதிதும் இல்லை. 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டி, வெடிமருந்து தயாரித்துத் தங்கள் ஆசிய வணிகத் தளங்களுக்கு அனுப்பினார்கள். பிரிட்டிஷ் காலத்தில் நீர்ப்பறவை வேட்டை துரைமார்களின் குளிர்காலப் பொழுதுபோக்காக நாடெங்கும் பரவியது. ஹியூமும் மார்ஷலும் சேர்ந்து 1879 தொடங்கி வெளியிட்ட வேட்டைப் பறவைகள் பற்றிய மூன்று தொகுதிகளும், ஸ்டூவர்ட் பேக்கர் 1908இல் வெளியிட்ட இந்திய வாத்துகள் பற்றிய நூலும் அந்தக் காலத்தின் அறிவையும் ஆசையையும் ஒருசேரக் காட்டுகின்றன. அந்த ஆசை எந்த எல்லைக்குப் போனது என்பதற்கு ராஜஸ்தானின் பரத்பூர் சாட்சி. வைசிராய் லின்லித்கோ வந்திருந்த 1938 நவம்பர் 12 அன்று ஒரே நாளில் 4,273 பறவைகள் சுடப்பட்டன. அந்த எண்ணிக்கை அங்கே கல்லில் வெட்டி வைக்கப்பட்டிருக்கிறது. சுடப்பட்டவை மட்டுமே அந்தக் கல்லில் உள்ளன. அன்று நீரில் விழுந்த ஈயத்துக்குக் கணக்கு எழுதியவர் யாருமில்லை.

ஈயம் கொல்லும் விதம்

அரைவைப்பைக்குள் விழுந்த ரவை கற்களோடு சேர்ந்து உரசுகிறது. வயிற்று அமிலம் அதைக் கரைக்கிறது. கரைந்த ஈயம் இரத்தத்தில் கலந்து ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் நரம்புக்கும் போய், கடைசியில் எலும்பில் தங்குகிறது. முதலில் செரிமானம் நின்றுபோகிறது. இரை உணவுக்குழாயிலேயே தேங்கி நிற்க, வயிறு நிறைந்தபடியே பறவை பட்டினியில் மெலிகிறது. எச்சம் பச்சையாகப் போகிறது. மார்புத் தசை வற்றி நெஞ்செலும்பு கத்திபோல் துருத்துகிறது. சிறகுகள் தொங்கிவிடுகின்றன. பறக்க முடியாத பறவை நாணலுக்குள் ஒதுங்கி, இரண்டு மூன்று வாரங்களில் இறக்கிறது. ஒரே ஒரு ரவையும் இதைச் செய்யப் போதும்.

இந்தச் சாவு கண்ணில் படுவதில்லை என்பதே பெரிய சிக்கல். வெடிச்சத்தம் கேட்காது, கூட்டமாகப் பிணம் மிதக்காது. ஒன்றிரண்டாக ஒதுங்கி இறக்கும் பறவைகளை நரியும் கழுகும் தின்றுவிடும். தின்ற கழுகுக்கும் ஈயம் போய்ச் சேரும். இறைச்சிக்குள் சிதறிய ஈயத் துகள் மனிதர் தட்டுக்கும் வரும். குழந்தைகளுக்குத் தீங்கில்லாத ஈய அளவு என்று எதுவும் கிடையாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

ஈயத்தின் மேல் செம்போ நிக்கலோ பூசினால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. பூச்சு அரைவைப்பையில் தேய்ந்துவிடும். உள்ளே இருப்பது வெளிவரும்.

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஃபிராங்க் பெல்ரோஸ் என்ற ஆய்வாளர் ஆயிரக்கணக்கான அரைவைப்பைகளைத் திறந்து பார்த்து 1959இல் ஒரு மதிப்பீட்டை வெளியிட்டார். வட அமெரிக்க நீர்ப்பறவைகளில் ஆண்டுக்கு 2 முதல் 3 விழுக்காடு ஈய நஞ்சால் இறக்கின்றன என்றார். கோடிக்கணக்கில் பறவைகள் உள்ள கண்டத்தில் அது பல இலட்சம் சாவு. ஸ்பெயினிலும் மெக்சிகோவிலும் கடலோரக் கழிகளில் பூநாரைகள் ஈய ரவை விழுங்கி மடிந்தது பிற்பாடு பதிவாயிற்று. பூநாரையை யாரும் அங்கே சுடவில்லை. வாத்துக்கு வைத்த ரவை சேற்றில் இருந்தது, சேற்றை அலசுவது பூநாரையின் பிழைப்பு, அவ்வளவுதான். பூநாரைக்குப் பேர்போன பழவேற்காட்டுக்கு இதைவிட நேரான எச்சரிக்கை தேவையில்லை.

உலகம் எடுத்த முடிவு

டென்மார்க் 1985இல் சதுப்புநிலங்களில் ஈய ரவையைத் தடைசெய்யத் தொடங்கி, 1996இல் வேட்டைக்கே ஈய ரவை கூடாது என்று முடித்துவிட்டது. நெதர்லாந்து 1993இல் தடைசெய்தது. அமெரிக்கா நீர்ப்பறவை வேட்டைக்கு மட்டும் படிப்படியாகத் தடைகொண்டுவந்து 1991இல் நாடு முழுக்க நடைமுறைப்படுத்தியது. கனடா 1997இல் நீர்நிலை ஓரங்களிலும், 1999இல் பெரும்பாலான வலசைப் பறவைகளின் வேட்டையிலும் ஈயத்தை விலக்கியது. ஐரோப்பிய ஒன்றியம் 2023 பிப்ரவரி 15 முதல் சதுப்புநிலங்களிலும் அவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குள்ளும் ஈய ரவையைத் தடுத்திருக்கிறது. ஆப்பிரிக்க யூரேசிய நீர்ப்பறவை ஒப்பந்தம் 2000ஆம் ஆண்டுக்குள் சதுப்புநிலங்களில் ஈய ரவையை நிறுத்த வேண்டும் என்று இலக்கு வைத்தது. பல நாடுகள் அந்தக் கெடுவைத் தவறவிட்டன. வலசை உயிரினங்களுக்கான உலக உடன்படிக்கையின் 2014 கீட்டோ மாநாடு, ஈயத் தோட்டாவை எல்லா வாழிடங்களிலும் கைவிடும்படி வழிகாட்டியது. இந்தியா 1983 முதல் அந்த உடன்படிக்கையின் உறுப்பு நாடு. 2020இல் அதன் மாநாட்டைக் காந்திநகரில் நடத்தியதும் இந்தியாதான்.

தடையால் பயன் உண்டா? அமெரிக்காவில் மிசிசிப்பி வலசைப் பாதையில் சுடப்பட்ட வாத்துகளின் அரைவைப்பைகளைத் தடைக்குச் சில ஆண்டுகள் கழித்து மீண்டும் ஆராய்ந்தார்கள். விழுங்கப்பட்ட ரவையில் பெரும்பங்கு நஞ்சற்றதாக மாறியிருந்தது. அதை வைத்து, ஈய நஞ்சால் இறக்கும் மல்லார்டு வாத்துகள் 64 விழுக்காடு குறைந்ததாகவும், 1997இல் மட்டும் வட அமெரிக்காவில் ஏறத்தாழ 14 இலட்சம் வாத்துகள் பிழைத்ததாகவும் 2000இல் மதிப்பிட்டார்கள். சட்டம் போட்டு ஒரு பத்தாண்டுக்குள் இவ்வளவு தெளிவான பலன் கிடைத்த பறவைப் பாதுகாப்பு நடவடிக்கைகள் அதிகமில்லை.

எதிர்ப்பும் கடுமையாகத்தான் இருந்தது. எஃகு ரவை துப்பாக்கியைக் கெடுக்கும், விலை கூடும், எல்லாவற்றுக்கும் மேலாக அது பறவையைக் கொல்லாமல் காயப்படுத்தும் என்றார்கள் வேட்டைக்காரர்கள். முதல் இரண்டும் தொழில்நுட்பம் முன்னேற முன்னேறக் கரைந்தன. மூன்றாவதை எளிதில் தள்ளிவிடக் கூடாது. ஆனால் காயப்பட்டுத் தப்பும் பறவைகள் ஈயக் காலத்திலும் ஏராளமாக இருந்தன. சட்டப் பாதுகாப்பு பெற்ற பெவிக் அன்னங்களை பிரிட்டனில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது, ஏறத்தாழ மூன்றில் ஒன்றின் உடலில் ரவை இருந்தது. டென்மார்க்கில் இளஞ்சிவப்புக்கால் வாத்துகளிலும் 1990களில் இதே நிலை தெரிந்தது. தொலைவைக் குறைத்துச் சுடும்படி வேட்டைக்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்த பிறகு அங்கே காயப்படும் பறவைகள் குறைந்தன. காயத்துக்கு முதன்மைக் காரணம் எட்டாத தொலைவில் சுடும் பேராசை என்பதையே இது காட்டுகிறது.

எஃகு, பிஸ்மத், டங்ஸ்டன்

வேட்டைக்கு அனுமதியுள்ள நாட்டில் வாழும் வாசகர் முதன்முறை போகிறார் என்றால் அவருக்கு விவரமாகவே சொல்ல வேண்டும். அரைகுறையாகத் தெரிந்துகொண்டு போனால் துன்பப்படுவது பறவை.

எஃகின் அடர்த்தி ஈயத்தின் அடர்த்தியில் ஏறத்தாழ பத்தில் ஏழு பங்கு. ஒரே அளவுள்ள இரண்டு ரவையில் எஃகு எடை குறைந்தது, காற்றில் விரைவாக வேகம் இழப்பது, ஆழமாகத் தைக்காதது. இதை ஈடுகட்ட ரவையை இரண்டு அளவு பெரிதாக எடுப்பது வழக்கம். ஈயத்தில் 4ஆம் எண் போதும் என்றால் எஃகில் 2ஆம் எண். ஈயத்தில் 2ஆம் எண் என்றால் எஃகில் பிபி. கனடா வாத்து போன்ற பெருவாத்துக்கு, மூன்று அங்குல நீளமுள்ள 12 போர் தோட்டாவில் பிபி அல்லது 2ஆம் எண் எஃகு ரவை என்பதே பெரும்பாலோர் கண்ட நடுவழி. ஒன்றேகால் அவுன்ஸ் பிபி எஃகில் ஏறத்தாழ 90 ரவை இருக்கும். பெரிய வாத்துக்கு ரவையின் எண்ணிக்கையைவிட ஒவ்வொரு ரவையின் எடைதான் முக்கியம். தடித்த இறகையும் தசையையும் தாண்டி உயிர்நிலையை எட்ட வேண்டும்.

துப்பாக்கியையும் பார்க்க வேண்டும். எஃகு ரவை நசுங்காது. அதனால் குழல் முனை மிகவும் ஒடுங்கிய துப்பாக்கியில் பெரிய எஃகு ரவையைப் போட்டால் முனை வீங்கவோ வெடிக்கவோ கூடும். நடுத்தர ஒடுக்கமோ அதைவிடக் குறைந்ததோ போதும். எஃகு இயல்பாகவே நெருங்கிப் போகும். எஃகுக்கு ஏற்றது என்று செய்தவரே குறித்திருக்கும் துப்பாக்கியில் மட்டுமே எஃகைப் போட வேண்டும். தாத்தா காலத்து டமாஸ்கஸ் குழல் துப்பாக்கியில் போடவே கூடாது. பனிக்கட்டியிலும் பாறையிலும் பட்டால் எஃகு தெறித்துத் திரும்பும் என்பதையும் மறக்கக் கூடாது.

பிஸ்மத் எஃகைவிடக் கனமானது, மென்மையானது. ஈயத்துக்கு நெருங்கி நடந்துகொள்ளும். பழைய துப்பாக்கிகளிலும் பலவற்றுக்குப் பொருந்தும், விலை கூடுதல். டங்ஸ்டன் கலவைகளில் சில ஈயத்தையே மிஞ்சும் அடர்த்தி கொண்டவை, விலை அதைவிடக் கூடுதல். தொடக்கக்காரருக்கு எஃகே போதும். மிச்சமாகும் பணத்தைப் பயிற்சித் தோட்டாவுக்குச் செலவிடுவது பறவைக்குச் செய்யும் நன்மை.

பயிற்சி என்பது தாளில் சுட்டுப் பார்ப்பது. பெரிய தாளில் 30 அங்குல வட்டம் போட்டு, வேட்டையில் எவ்வளவு தொலைவில் சுடுவோமோ அதே தொலைவில் நின்று சுட வேண்டும். வட்டத்துக்குள் ரவை சீராகப் பரவியிருக்கிறதா, பறவை தப்பும் அளவுக்கு இடைவெளி இருக்கிறதா என்று எண்ண வேண்டும். ஒரே பெட்டித் தோட்டா ஒரு துப்பாக்கியில் நன்றாகவும் இன்னொன்றில் மோசமாகவும் பரவும். பெட்டியின் மேல் எழுதியிருப்பது இதைச் சொல்லாது. புதியவருக்கு 30 மீட்டர்தான் எல்லை. அதற்கு அப்பால் போகும் வாத்தைப் போகவிடுவதே நேர்மை. கனடாவில் துப்பாக்கி உரிமம், மத்திய அரசின் வலசைப் பறவை வேட்டை அனுமதி, மாகாண விதிகள் ஆகிய மூன்றும் சேர்ந்தே வேண்டும். துப்பாக்கியில் ஒரே நேரத்தில் மூன்று தோட்டாவுக்கு மேல் ஏற்றவும் கூடாது.

நம் சட்டமும் நம் வழக்கமும்

இந்தியாவில் பறவைகளுக்கான சட்டம் 1887இல் காட்டுப் பறவைகள் பாதுகாப்புச் சட்டத்தோடு தொடங்கி, 1912இல் விலங்குகளையும் சேர்த்துக்கொண்டது. இரண்டும் பருவம் பார்த்து வேட்டையை ஒழுங்குபடுத்தின, நிறுத்தவில்லை. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் முதலில் உரிமம் பெற்ற வேட்டைக்கு இடம் வைத்திருந்தது. 1991இல் வந்த திருத்தமே அந்த வாசலை அடைத்தது. சட்டத்தின் 9ஆம் பிரிவு வேட்டையைத் தடுக்கிறது. கண்ணி வைப்பது, நஞ்சிடுவது, பிடிப்பது, அதற்கு முயல்வது, முட்டையைச் சேதப்படுத்துவது எல்லாமே சட்டத்தின் பார்வையில் வேட்டைதான்.

பழவேற்காட்டின் ஆந்திரப் பகுதி 1976இலும் தமிழகப் பகுதி 1980இலும் சரணாலயமாயின. சரணாலயத்துக்குள் வேட்டையாடினால் மூன்று ஆண்டுக்குக் குறையாமல் ஏழு ஆண்டு வரை சிறை. 31ஆம் பிரிவின்படி அனுமதியின்றி ஆயுதத்தோடு உள்ளே நுழைவதே குற்றம். 34ஆம் பிரிவின்படி, சரணாலயத்திலும் அதைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள்ளும் துப்பாக்கி உரிமம் வைத்திருப்பவர்கள் வன உயிரினத் தலைமைக் காப்பாளரிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும். அவரது இசைவின்றி அந்த எல்லைக்குள் புது உரிமம் கொடுக்கக் கூடாது.

சட்டத்துக்கு முன்பே இங்கே வழக்கம் இருந்தது. வேடந்தாங்கல் ஏரியில் பறவைகளைச் சுட்ட வெள்ளைக்காரச் சிப்பாய்களை எதிர்த்து ஊர்மக்கள் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட, அவர் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாதுகாப்பு ஆணை எழுதிக் கொடுத்தார். பறவை எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரம் என்பதை அந்த விவசாயிகள் அறிந்திருந்தார்கள்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். பறவை பிடித்தலே பிழைப்பாக இருந்த நரிக்குறவர்களைச் சட்டம் ஒரே நாளில் குற்றவாளிகளாக்கியது. மாற்றுத் தொழிலைப் பற்றி அரசு அப்போது போதுமான அளவு எண்ணவில்லை. அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டத்தை நாடாளுமன்றம் 2022 டிசம்பரில்தான் நிறைவேற்றியது. பறவையைக் காக்கும் சட்டம் மனிதரையும் கரையேற்றினால்தான் அது நிலைக்கும்.

கழியில் இறங்கும் ஈயம்

துப்பாக்கி ஓய்ந்த பிறகும் காட்டுப்பள்ளிக் கழியில் ஈயம் இறங்கும் வழி ஒன்று திறந்தே இருக்கிறது. அது வலை. வீச்சுவலை விரிந்து விழுந்ததும் அதன் விளிம்பு சட்டென்று தரையைத் தொட வேண்டும். இல்லாவிட்டால் மடவையும் இறாலும் அடியில் புகுந்து ஓடிவிடும். அதற்காக விளிம்பு நெடுகச் சிறு சிறு ஈயக்குண்டுகளைக் கோத்திருப்பார்கள். ஈயம் மலிவு, கனம், அடுப்பில் உருகும், கையால் நசுக்கிக் கயிற்றில் இறுக்கலாம். உப்புநீரில் இரும்பைப்போல் துருப்பிடிக்காது. மீனவர் அதைத் தேர்ந்தெடுத்ததில் குற்றம் எதுவும் இல்லை. ஆனால் சிப்பித்திட்டிலும் முறிந்த கம்புகளிலும் வலை மாட்டும்போது குண்டுகள் அறுந்து சேற்றில் தங்குகின்றன.

பிரிட்டன் இந்த வழியையும் பார்த்தது. தூண்டில்காரர்கள் விட்ட சிறு ஈயக்குண்டுகளை விழுங்கி அன்னங்கள் இறந்ததால், 0.06 கிராம் முதல் 28.35 கிராம் வரையுள்ள ஈயத் தூண்டில் குண்டுகளின் விற்பனையை 1987இல் தடைசெய்தது. அதன்பின் அன்னங்களின் எண்ணிக்கை தேறியது. நம் கழியில் பறவைக்கு வரும் இடரை வேட்டை ரவையின் இடருக்குச் சமமாக நிறுத்துவது மிகை. வேட்டைக்களத்தில் ஒரு வெடிக்கு நூறு ரவை விழுகிறது. வலையிலிருந்து அறுவதோ ஒன்றிரண்டு. பெரிய வலைகளின் பெருங்குண்டை வாத்தால் விழுங்கவும் முடியாது. ஆனால் வீச்சுவலையின் சிறு குண்டு விழுங்கும் அளவில் இருக்கிறது. அந்தச் சேற்றில்தான் வாத்து மட்டுமின்றி மனிதரும் இரை தேடுகிறார்கள். இடுப்பளவு நீரில் குனிந்து, வாயில் பறியைக் கவ்வியபடி, இரு கைகளாலும் சேற்றைத் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களை இந்தக் கழிகளில் காணலாம்.

பறவையைவிடவும் உடனடியான இடர் வீட்டு முற்றத்தில் இருக்கிறது. பழைய ஈயத்தை அடுப்பில் உருக்கிக் குண்டு வார்க்கும் இடத்தில் எழும் புகையும் படியும் தூளும் முதலில் அந்த வீட்டுக் குழந்தைகளையே தாக்கும். வண்டிப் பெட்ரோலிலிருந்து ஈயத்தை 2000ஆம் ஆண்டில் விலக்கிய நாடு, மீனவர் அடுப்பை மறந்துவிடக் கூடாது. எண்ணூர்க் கழிமுகம் ஏற்கெனவே அனல்மின் நிலையச் சாம்பலைச் சுமந்து கொண்டிருக்கிறது. தன் கையால் குறைக்கக்கூடிய நஞ்சை ஊர் குறைத்துக்கொள்வது, தன் கையில் இல்லாத நஞ்சைக் குறைக்கும்படி மற்றவர்களைக் கேட்கும் உரிமைக்கு வலுச்சேர்க்கும்.

மாற்று இல்லாமலும் இல்லை. சுட்டமண் குண்டுகளை வலையில் கட்டுவது ஹரப்பா காலம் தொட்டு அறியப்பட்ட முறை. கனம் போதாத இடத்தில் இரும்புச் சங்கிலி உதவும். துரு என்ற குறைக்குத் துத்தநாகப் பூச்சு ஓரளவு பதில். விலைதான் தடை. அந்த வேறுபாட்டை ஏழை மீனவர் தலையில் ஏற்றுவது நியாயம் ஆகாது. வலைக்கும் இயந்திரத்துக்கும் மானியம் தரும் மீன்வளத் துறை, ஈயமில்லாக் குண்டுக்கும் தரலாம். பாடு முறை வைத்து யார் எந்த நாளில் எங்கே வலையிடுவது என்பதைத் தலைமுறைகளாகத் தாங்களே தீர்மானித்துவரும் பழவேற்காட்டு ஊர்ப் பஞ்சாயத்துகளுக்கு, வலையில் எதைக் கட்டுவது என்பதையும் தீர்மானிக்கும் ஆற்றல் உண்டு. அதிகாரிகள் அவர்களிடம் உத்தரவோடு போகாமல் மாதிரி வலையோடு போக வேண்டும்.

முடிவு

இத்தனையையும் பார்த்த பின் விடை சிக்கலானது இல்லை. வேட்டைக்கு அனுமதியுள்ள நாட்டில் முதல்முறை வாத்து வேட்டைக்குப் போகிறவர் ஈயத்தைத் தொடக் கூடாது. எஃகில் பிபி அல்லது 2ஆம் எண், பொருத்தமான துப்பாக்கி, தாளில் சுட்டுப் பார்த்த பரவல், 30 மீட்டருக்குள் சுடும் கட்டுப்பாடு ஆகியவை போதும். அவை இல்லாமல் போவதைவிடப் போகாமல் இருப்பது நல்லது. பழவேற்காட்டிலும் கூந்தன்குளத்திலும் வந்திறங்கும் பட்டைத்தலை வாத்துக்கு எந்த ரவையும் ஏற்றதில்லை. சட்டம் அதைச் சொல்லிவிட்டது. வேடந்தாங்கல் விவசாயிகள் அதற்கும் முன்பே சொல்லிவிட்டார்கள்.

மீதமிருப்பது நம் வேலை. திருவள்ளூர் மாவட்ட நிர்வாகமும் வனத்துறையும் மீன்வளத் துறையும் சேர்ந்து ஏரிச் சேற்றிலும் இறந்து கிடைக்கும் நீர்ப்பறவைகளின் அரைவைப்பையிலும் ஈயம் இருக்கிறதா என்று முறையாகச் சோதித்து, முடிவை மீனவர்களுக்குத் தமிழில் அறிவிக்க வேண்டும். ஈயமில்லாக் குண்டு கட்டிய வலைகளை ஒரு சில குப்பங்களிலாவது மானிய விலையில் கொடுத்துப் பார்க்க வேண்டும். வடக்கிலிருந்து வாத்துகள் ஐப்பசியில் வரத் தொடங்கும். அதற்குள் தொடங்க முடிகிற வேலைதான் இது, தொடங்குங்கள்.